ஏழாம் இலக்கத் தேன்

அந்தப் போத்தலின் லேபலை நான் உரிக்கவில்லை. அது தானாகத்தான் கழன்றது. பிறகு பலரிடம் இதைச் சொல்ல வேண்டி வந்ததால் இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலை. திருகோணமலையில் எங்கள் ஆய்வுகூடம், குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம் தெரியும். தூசும் வரும் என்பதால் திறப்பதில்லை. கொழும்பில் தேனைப் போத்தலில் அடைத்து விற்கும் ஒரு நிறுவனம் எங்களுக்குப் பன்னிரண்டு போத்தல்களை அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் மட்டும். யார் எடுத்த தேன், எந்த ஊர்த் தேன் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. எந்தப் பூக்களின் தேன்? அதில் உலோகம் ஏதும் கலந்திருக்கிறதா?

ஏழாம் இலக்கப் போத்தலின் கழுத்தில் தேன் கசிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தபோது நிறுவனத்தின் லேபல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதன் கீழே, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு ஒன்று. அதில் நீலப் பேனையால் யாரோ எழுதியிருந்தார்கள்.

“பிள்ளைக்கு எடுத்தது போக மிச்சம்.”

லேபலைத் திரும்ப ஒட்டினேன். பதிவுப் புத்தகத்தில் ‘லேபல் கழன்றது, மீண்டும் ஒட்டப்பட்டது’ என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். பிள்ளைக்கு என்று தேனை ஒதுக்கிவைக்கிற வீடு எதுவாக இருக்கும் என்று யோசித்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

அந்தச் சிரிப்பு மூன்று நாள்தான் நிலைத்தது.

மூன்று தரம்

உலோகம் பார்ப்பது அவசரப்படாத வேலை. தேனை நிறுத்து, நைத்திரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி, இனிப்பெல்லாம் அழிந்து தெளிந்த நீர் மட்டும் மிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கருவி அந்த நீரை உறிஞ்சி ஓர் எண்ணைக் காட்டும்.

பதினொரு போத்தல்கள் வழக்கமான எண்களைக் காட்டின. ஏழாம் இலக்கம் காட்டிய எண்ணைப் பார்த்து முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். சரியாகக் கழுவாத குடுவையா? பழைய அமிலமா? பக்கத்து மேசைத் தூசா? குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்து மறுநாள் திரும்பச் செய்தேன். அதே எண். தேனே சேர்க்காமல் அமிலத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அது சுத்தமாக இருந்தது. புது அமிலப் போத்தலைத் திறந்து மூன்றாம் தரமும் செய்தேன். அதே எண்.

ஈயம். உணவில் இருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கிற அளவைப்போலப் பல மடங்கு.

ஈயம் என்ற சொல் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் கப்பல்களின் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நேரே நுழைய அம்மா விடமாட்டார். கிணற்றடியில் அவருக்கென்று ஒரு வாளி, ஒரு சவர்க்காரக் கட்டி. அவருடைய உடுப்புகளை எங்கள் உடுப்புகளோடு சேர்த்து ஊறவைத்ததே இல்லை. யாரோ ஒரு டொக்டர் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாராம், பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது, பெரிய ஆட்களைவிடச் சின்னப் பிள்ளைகளைத்தான் அது பிடிக்கும், படிப்பைக் கெடுக்கும் என்று. அந்த ஒரு சொல்லுக்காக அம்மா இருபது வருடம் இரண்டு வாளி வைத்திருந்தார். அப்பா கேலி செய்வார். “நான் என்ன தீட்டுப்பட்ட ஆளா?” அம்மா அசையமாட்டார்.

அதனால்தானோ என்னவோ, அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிறுவனமோ அறிக்கையோ நினைவுக்கு வரவில்லை. பிளாஸ்டர் துண்டுதான் நினைவுக்கு வந்தது.

நவாஸ் சேர்

எங்கள் ஆய்வுகூடத்தை நடத்துபவர் நவாஸ் சேர். கிண்ணியாக்காரர். காலையில் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கதையைத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கவில்லை.

“என்ன தர்சினி, பரீட்சை பெயிலா?”

“சேர், ஏழில ஈயம் கூட.”

“திரும்பப் பார்த்தீங்களா?”

“மூண்டு தரம் பார்த்தனான்.”

“அப்ப எழுதிக் குடுத்துருங்க. அவங்க வாங்கமாட்டாங்க. முடிஞ்சிது.”

“எங்க சேர் முடிஞ்சது? அவை வாங்காட்டி அந்தத் தேன் எங்க போகும்?”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். “எடுத்த ஆக்கள்ற வீட்டுக்கு.”

“அந்த வீட்டில ஒரு பிள்ளை இருக்கு.”

பிளாஸ்டர் விடயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார். பிறகு என் முன்னாலேயே நிறுவனத்துக்குப் போன் எடுத்தார். சிரித்துச் சிரித்துக் கதைத்தார். மூன்று தடவை “பிரச்சினையில்லை” என்றார். போனை வைத்தபோது சிரிப்பு இருக்கவில்லை.

“தரம் காணாது எண்டு எடுத்த ஆக்களுக்குச் சொல்லுவாங்களாம். பேர் தரமாட்டாங்களாம்.”

“என்ன தரம் காணாது எண்டு சொல்லுவினமோ?”

“அதெல்லாம் சொல்லமாட்டாங்க தர்சினி. நாங்க அவங்களுக்கு வேலை செய்யிற ஆக்கள். அதுக்கு மேல எனக்குக் கேக்க ஏலாது.”

அவரில் எனக்குக் கோபமில்லை. ஆய்வுகூடத்துக்கு வரும் மாதிரிகளில் பாதி அந்த நிறுவனத்திடமிருந்து வருபவை. ஆனால் அன்று பின்னேரம் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய குடுவைகளைத் திரும்பக் கழுவினேன். விற்க முடியாமல் திரும்பிப் போகிற தேன் இனி முழுவதும் வீட்டிலேயே கிடக்கும். பிள்ளைக்கு இரண்டு கரண்டியாகக் கொடுக்கலாமே என்று அந்தத் தாய் நினைத்தால்?

தென்னை இல்லை

இங்கே கொஞ்சம் பூக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேனை இளஞ்சூட்டு நீரில் கரைத்து வேகமாகச் சுழற்றினால் அடியில் ஒரு துளி வண்டல் தங்கும். அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இளஞ்சிவப்புச் சாயம் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மகரந்தமணிகள் தெரியும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வடிவம். எந்த மணி எந்தப் பூவினுடையது என்று தெரிய, ஊரிலுள்ள பூக்களை எல்லாம் முன்கூட்டியே சேர்த்துவைத்திருக்க வேண்டும். அப்படி மூன்று வருடமாகச் சேர்க்கிறேன். கடித உறைகளில் பூக்களைப் போட்டு, இடத்தையும் மாதத்தையும் எழுதிக் கைப்பையில் வைத்திருப்பேன். ஒருமுறை பஸ் நிலையத்தில் பையைத் திறந்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்த நேரத்தில், அங்கே திரியும் மான்களில் ஒன்று நான்கு உறைகளைத் தின்றுவிட்டது. “அதுக்கும் ஒரு டிக்கற் எடுங்கோ தங்கச்சி” என்றார் கொண்டக்டர்.

ஏழாம் இலக்கத்தின் மகரந்தத்தை நான் ஏற்கெனவே எண்ணி எழுதிவிட்டேன். கண்ணா மரம் அதிகம். அது களப்பு என்கிற உப்புநீர் ஏரியின் ஓரச் சேற்றில் நிற்கிற மரம், அதன் பூவில் தேனீக்கள் மொய்க்கும். அடுத்து தென்னை. பிறகு தொட்டாற்சுருங்கி, இலந்தை. கண்ணாவும் தென்னையும் இந்த மாவட்டத்தின் கரை முழுவதும் இருக்கின்றன. மூதூர்ப் பக்கமாகவும் இருக்கலாம், இலங்கைத்துறையாகவும் இருக்கலாம், வடக்கே குச்சவெளியாகவும் இருக்கலாம். இதை வைத்து ஒரு வீட்டைத் தேட முடியாது.

ஆனாலும் சில நாள் கழித்து அந்தக் கண்ணாடித் துண்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால், வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தென்னை மணி ஒரு தோணி மாதிரி இருக்கும், நடுவில் ஒரு பிளவு. நான் தென்னை என்று எழுதிய மணிகளும் தோணிகள்தான். ஆனால் சின்னத் தோணிகள். அளந்தேன். தென்னையின் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. கடற்கரைத் தேன், தோணி வடிவம், ஆகவே தென்னை என்று அளக்காமலே எழுதியிருக்கிறேன். இந்தத் தவறை எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவி யாராவது செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டேன். பொழுது சாயும்போது கிடைத்தது. வெங்காயப்பூ.

வெங்காயத்தை யாரும் பூக்க விடமாட்டார்கள். பூத்தால் கிழங்கு கெட்டுவிடும். விதை எடுக்கிற ஆள் மட்டுந்தான் விடுவார். என்னோடு படித்த சுகந்தி இப்போது விவசாயப் போதனாசிரியையாக இருக்கிறாள். அவளுக்குப் போன் எடுத்தேன்.

“களப்புக்குக் கிட்ட வெங்காயத்தைப் பூக்க விடுற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“உனக்கென்ன விசரா? சனிக்கிழமைக்குச் சாறி எடுக்க வாறியோ எண்டு கேப்பாய் எண்டு பார்த்தன்.”

“சொல்லனடி.”

“விதைக்கெண்டா ஒராள்தான். குச்சவெளியில இர்பான் எண்டு. கடலுக்கும் போறவர். ஏன்?”

“அவரிட்டத் தேன்பெட்டி இருக்கோ?”

“மனுசி வைச்சிருக்கு. பேர் ஜெஸீமா. நல்ல மனுசி. ஏன் எண்டு கேட்டனான்.”

“பிள்ளை இருக்கோ?”

“ஒரு பொம்பிளைப் பிள்ளை. மூண்டு நாலு வயசிருக்கும். தர்சினி, என்ன பிரச்சினை?”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இறங்கும்போது நவாஸ் சேரிடம், நாளைக்கு நான் குச்சவெளிக்குப் பூ சேர்க்கப் போகிறேன் என்றேன். அவர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார்.

“பூத்தானே?”

“ஓம் சேர்.”

“தொப்பி கொண்டு போங்க. வெயில்.”

பட்டியல்

சனிக்கிழமைக் காலை பஸ் நிலாவெளியைத் தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியபோது கொப்பியில் எழுதிய பட்டியலைத் திரும்ப வாசித்தேன். தேனுக்குள் ஈயம் எப்படி வரலாம்? பெட்டிக்குப் பூசிய பெயின்ட். புகையடிக்கிற தகரப் பேணி. ஈயம் பூசிய பித்தளைச் சட்டி. பக்கத்தில் எறிந்துகிடக்கும் பழைய பற்றரி. கப்பல் பெயின்ட்டின் தூசு. கடைசியை அங்கேயே வெட்டினேன். துறைமுகத் தூசு இவ்வளவு தூரம் வராது. பட்டியல் இருந்தால் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். அன்றைக்கு அப்படி வரவில்லை.

வீடு களப்போரத்தில் இருந்தது. பின்னால் கண்ணா மரங்கள், அவற்றின் நிழலில் ஆறு பெட்டிகள். பக்கவாட்டில் வெங்காயப் பாத்தி, வெள்ளைப் பூப்பந்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டதும் வந்த சந்தோசத்தை அடக்கிக்கொண்டேன். சந்தோசப்பட வந்த வேலை இல்லை அது.

ஜெஸீமா வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். உயரமான பெண், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி, ஸஹ்ரா. இருமிக்கொண்டே என் பையைப் பார்த்தாள்.

நான் யார் என்று சொன்னேன்.

“ஓ! எங்கட தேன் தரம் காணாதெண்டு சொன்ன ஆள் நீங்கதானா? நல்லா வந்தீங்க. இருங்க, வாப்பாவைக் கூப்பிடுறன்” என்று, மகளின் வாப்பாவை, அதாவது கணவரைக் கூப்பிட்டார். இர்பான் நானா பாத்தியிலிருந்து எழுந்து வந்தார். நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா; அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வெங்காயப்பூ வழியாக வீட்டைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பூவைப் பார்த்து ஊட்டைப் புடிக்கிறீங்க. பொலிசில சேர்ந்திருக்கலாமே!”

ஈயம் என்றதும் சிரிப்பு நின்றது.

“எங்கட தேன்லயா? என்ன கதை இது? ஈயம் எங்கட வலையில இருக்கு. தேனுக்குள்ள எப்பிடி வரும்?”

அந்த வசனத்தை நான் கேட்டேன். கேட்டும் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிகளைப் பார்த்தேன். பெயின்ட் இல்லை, வெறும் பலகை. புகைக்கு மண்சட்டியில் தும்பு. பித்தளைச் சட்டி இல்லை. பற்றரி இல்லை. தேன் ஊற்றிவைக்கிற வாளிகள் சாப்பாட்டுப் பிளாஸ்டிக். ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டு போனேன். இர்பான் நானா பின்னாலேயே வந்தார். முதலில் உதவிக்கு வந்தவர், பிறகு பேசாமல் வந்தார், கடைசியில் பொறுமை இழந்தார்.

“கிடைச்சுதா?”

“இல்ல நானா.”

“கிடைக்காது. கொழும்புக்காரன் விலையைக் குறைக்கிறதுக்குச் சொல்ற கதை. அதுக்கு நீங்களும் பஸ் ஏறி வந்திருக்கீங்க.”

என் கொப்பியில் வெட்டாத வரி ஒன்றும் மிஞ்சவில்லை.

சின்னக் கோப்பை

ஜெஸீமா ராத்தா எனக்குக் கதிரை போட்டு இருத்தினார். ரொட்டி சுட்டிருந்தார். ரொட்டித் தட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் தேன். அவ்வளவு தெளிந்த தேனை நான் கண்டதில்லை. கோப்பையின் அடியிலிருந்த பூ வரைவு அப்படியே தெரிந்தது.

“தின்னுங்க தங்கச்சி. சண்டை வேற, சாப்பாடு வேற.”

ரொட்டியைப் பிய்த்தேன். வெறும் ரொட்டியைச் சாப்பிட்டேன்.

“தேனில தொட்டுத் தின்னுங்க.”

“வேண்டாம் ராத்தா. ரொட்டி நல்லாருக்கு.”

“கொஞ்சம்.”

“வேண்டாம்.”

அந்த வீட்டில் வந்த ஆள் தேனைத் தொடாமல் போனதே இல்லையாம். இதைப் பிறகுதான் சொன்னார்கள். அப்போது அவர் முகம் இறுகியது மட்டும் தெரிந்தது. கோபத்தில் எழுந்தார்.

“ஊத்தையெண்டு நினைக்கிறீங்க. அப்பிடித்தானே? எழும்புங்க. எப்பிடி எடுக்கிறன் எண்டு வந்து பாருங்க. இந்தக் குச்சவெளியில என்ட மாதிரி சுத்தமா எடுக்கிற ஆள் ஒருத்தியக் காட்டுங்க பாப்பம்.”

குசினி மூலையில் மூடிய வாளி ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தார். மேலே கண்ணாடி மாதிரித் தேன். கையை உள்ளே விட்டு எதையோ பிடித்துத் தூக்கினார்.

வட்டமாக வெட்டித் தைத்த ஒரு துண்டு வலை. வாளியின் வாயளவுக்குச் சரியாக இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, வீச்சுவலையில் இருப்பதுபோலவே, நெருக்கமாகக் கோத்த ஈயக்குண்டுகள்.

“பிழிஞ்ச தேன்வதை மெழுகெல்லாம் மேல மிதக்கும். எவ்வளவு வடிச்சாலும் கலங்கல்தான். இதைப் போட்டா பாரத்துக்கு மெழுகு அடியில போயிரும், நல்ல தேன் மேல வரும். ஆரும் சொல்லித் தரல்ல. நானே யோசிச்சது. கொழும்பில இருந்து வந்த ஆள் போத்தலை வெயில்ல பிடிச்சுப் பார்த்துட்டு, எப்பிடி இவ்வளவு தெளிவு எண்டு கேட்டாரு.”

வலையில் இருக்கிற குண்டுகள் கறுத்திருக்கும். இவை யாரோ தேய்த்துக் கழுவியதுபோல வெளுத்திருந்தன.

“எத்தனை நாள் உள்ள கிடக்கும்?” என்று கேட்டேன்.

“ஒரு கிழமை. சில நேரம் ரெண்டு.”

இர்பான் நானா வாசலில் நின்றார். அவர் முதலில் விளங்கிக்கொண்டார். “ஜெஸீமா,” என்றார், “அதைக் கீழ வை.”

தேன் இனிப்பு என்றாலும் அதில் புளிப்பும் இருக்கிறது, நாட்கணக்கில் கிடந்தால் அந்தப் புளிப்பு ஈயத்தைக் கரைக்கும் என்று சொன்னேன். நிறமோ மணமோ ருசியோ மாறாது, பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்றும் சொன்னேன். ராத்தா வலையைப் பிடித்தபடியே நின்றார். தேன் தரையில் சொட்டியது.

“கழுவித்தான் போடுறனான்,” என்றார். “சுடுதண்ணியில.”

“கழுவினாலும் போகாது ராத்தா.”

“அப்ப நீங்க தின்னாம வச்சது…”

“ஓம்.”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ஸஹ்ரா மேசையடியில் என் பையிலிருந்து எடுத்த உறை ஒன்றைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

“இருமலுக்குக் குடுக்கிறன். ஒவ்வொரு நாளும் காலையில ஒரு கரண்டி. போன நோன்பு முடிஞ்சதில இருந்து.”

நான் கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். என் தலை அதற்கிடையில் பார்த்துவிட்டது. லேபல் கழன்ற நாளிலிருந்து அன்றுவரை பதினொரு நாள். வெங்காயப்பூவை நான் தென்னை என்று எழுதியது இரண்டாம் நாள். அன்றே அளந்திருந்தால், ஈயம் தெரிந்த மூன்றாம் நாளே வந்திருப்பேன், எட்டுக் கரண்டி குறைந்திருக்கும்.

ராத்தா சின்னக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போனார். தேனை மணலில் ஊற்றி, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். எறும்புகள் வந்தன. இன்னும் மண் தள்ளினார்.

நான்கு வீடு

அழுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“நாலு பேருக்கு இதைத் தைச்சுக் குடுத்திருக்கன்.”

வெயிலோடு நான்கு வீட்டுக்கும் போனோம். முதல் வீட்டுப் பெண் கேலி செய்தார். “என்ன ஜெஸீமா, குடுத்ததைத் திருப்பி வாங்கிறியா? என்ட தேனும் தெளிஞ்சிட்டெண்டு பொறாமையா?” இரண்டாவது வீட்டில் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். “படிச்ச புள்ள. கேளு” என்று என்னை முன்னால் தள்ளினார். மூன்றாம் வீட்டில் தேனை ஊற்ற மறுத்தார்கள். பாதி வாளி, மூன்று மாத வேலை. ராத்தா வாக்குவாதப்படவில்லை. “நான் ஒவ்வொரு நாளும் என்ட புள்ளைக்குக் குடுத்தன்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான்காம் வீட்டில் பூட்டு. அவர்கள் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். அவர்களும் தேனை ஊற்றிய பிறகு கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை நவாஸ் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூ சேர்க்கப் போன கதையை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும், நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும் என்றும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கோபப்பட்டார். “எனக்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேணாம் எண்டிருப்பன்” என்றார். “அதுதான் சேர் சொல்லயில்ல” என்றேன். அவர் மேசையில் இருந்த பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து இருந்துவிட்டு, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தானே போன் எடுத்தார். வலைக்குண்டு, தேன், நான்கு வீடு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

நிறுவனத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இதை எழுதும்வரை அவர்கள் சோதனைக்கு ஒரு போத்தலையும் எங்களுக்கு அனுப்பவில்லை. நவாஸ் சேர் அதைப்பற்றி என்னிடம் கதைப்பதில்லை. காலையில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது முன்னைப்போலக் கதையைத் தொடங்குவதும் இல்லை.

இரண்டாவது எண்

ஸஹ்ராவின் இரத்தத்தைத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாள் எடுத்தது. அந்த நாட்களில் எனக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. அம்மா என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைத்தார்.

எண் கூடுதலாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் செய்யும் அளவுக்கு இல்லை, ஆனால் கூடுதல். டொக்டர் தேனை நிறுத்தச் சொன்னார். நல்ல சாப்பாடு, பால், கீரை, இரும்புச்சத்து. சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். பிள்ளையின் பேச்சையும் விளையாட்டையும் கவனிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ராத்தா எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினார். “இண்டைக்கு மகள் பத்து மட்டும் எண்ணினா.” “இண்டைக்கு ஏழைத் திரும்பவும் விட்டுட்டா. அது ஈயமா தங்கச்சி, இல்லாட்டிச் சின்னப் புள்ளையெண்டதாலயா?” எனக்குத் தெரியாது என்று பதில் அனுப்பினேன். மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எண்களை விடுவார்கள் என்றும் அனுப்பினேன். இரண்டும் உண்மை.

போன கிழமை ஒரு மத்தியானம் போன் வந்தது. மாரி தொடங்கிவிட்டது, யன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ராத்தா ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கதைத்தார். இரண்டாவது பரிசோதனை முடிவுத் துண்டு அவர் கையில் இருந்தது. எண்ணை வாசித்தார். நான் முதல் எண்ணைப் பார்த்தேன். கொப்பி பார்க்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

“குறைஞ்சிருக்கு ராத்தா.”

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு இர்பான் நானாவிடம் “குறைஞ்சிருக்காம்” என்று சொல்வது கேட்டது.

“நல்லாக் குறைஞ்சிருக்கா?”

“நல்லாக் குறைஞ்சிருக்கு.”

“அப்ப இனிச் சைபர் வரும் மட்டும் எடுப்பம். எத்தனை தரம் எண்டாலும் வாறம்.”

ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். நவாஸ் சேர் தன் மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈயம் எலும்புக்குள் போய் இருக்கும், மெல்ல மெல்லத்தான் வெளியே வரும், முழுக்க வெளியே வருமா என்று யாரும் சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். இனி அவருக்கும் தெரிய வேண்டும்.

“ராத்தா, சைபர் வராது.”

“வராதா?”

“குறைஞ்சுகொண்டு போகும். சைபர் வராது.”

மழை அங்கேயும் பெய்துகொண்டிருந்தது. ஸஹ்ரா யாரிடமோ செருப்பைக் காட்டிப் பெரிதாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றார் ராத்தா. “அப்ப அடுத்த தரம் எப்ப எடுக்கணும் எண்டு சொல்லுங்க. எழுதிக்கொள்றன்.”